வரலாற்றுக் காதல் நாவலில் நாயகனும் நாயகியும் எப்படிப் பேச வேண்டும்?

இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமாகிய பாராமகாலில் 1792-ஆம் ஆண்டில் நடக்கும் ஒரு காதல் நாவலை எழுதிக்கொண்டிருப்பதாகவும், நிலம் அளக்க வரும் இளம் கணக்கனுக்கும் ஊர் மணியக்காரரின் மகளுக்கும் இடையே வாய்ச்சண்டைகள் பல எழுதியிருந்தும், படித்துப் பார்த்த தோழிகள் ‘இரண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி பேசுகிறார்கள், சினிமா வசனம் போலிருக்கிறது, கெமிஸ்ட்ரி இல்லை’ என்று சொல்லிவிட்டதாகவும் கிருஷ்ணகிரியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துப் பெண் அந்நிய ஆணிடம் இப்படி வாயாடியிருப்பாளா என்ற ஐயத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் கூர்மையான பதிலடிகளை எழுதுவது எப்படி என்ற கேள்வி போலத் தோன்றுகிறது. ஆனால் பதிலடி எழுத உங்களுக்கு நன்றாகவே வருகிறது என்பது நீங்கள் எடுத்துக் காட்டியிருக்கும் பகுதியிலேயே தெரிகிறது. இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசியும் இருவரும் ஏன் நெருங்கவில்லை என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன். தருமபுரியில் நெடுங்காலம் தமிழ் இலக்கியம் கற்பித்தவன் நான். வரலாற்று நாவல் எழுதுகிறவர்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்வதும் அதே அளவு காலமாக நடந்து வருகிறது. அந்தப் பழக்கத்திலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் தந்த பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். “உன் கண்கள் வாளைவிடக் கூர்மையானவை” என்கிறான் அவன். “வாள் பிடிக்கத் தெரியாதவர் கண்ணைப் பற்றிப் பேசலாமா?” என்கிறாள் அவள். “வாள் பிடிக்காத கை எழுத்தாணி பிடிக்கும்” என்று அவனும், “எழுத்தாணியைக் காட்டினால் காக்கைகூடப் பறக்காது” என்று அவளும் தொடர்கிறார்கள். ஒவ்வொரு வரியும் தனியே நன்றாக இருக்கிறது. ஆனால் பெயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒன்றும் குறைவதில்லை. இந்தப் பேச்சு நடக்காமல் போயிருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்டாலும் விடை இல்லை. இருவருமே கேட்டுக்கொண்டிருக்கும் வாசகனை நோக்கிப் பேசுகிறார்களே தவிர, எதிரே நிற்பவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. காதல் கதையில் நகைச்சுவைப் பேச்சு ஈர்ப்பாக மாறுவது ஒருவர் மற்றவரை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறார் என்பது வெளிப்படும் இடத்தில்தான் என்பது என் உறுதியான கருத்து. சொல்லின் கூர்மை அதற்கு அடுத்தபடியாகவே வருகிறது.

இதற்குத் தமிழில் இருக்கும் மிகச் சிறந்த பாடம் திருக்குறளின் 132-ஆம் அதிகாரமாகிய புலவி நுணுக்கம். ‘யாரைக் காட்டிலும் நாம் காதல் மிகுந்தவர்’ என்று அவன் பெருமையாகச் சொல்கிறான். உடனே அவள் ‘யாரைக் காட்டிலும், யாரைக் காட்டிலும்?’ என்று ஊடுகிறாள். அது 1314-ஆம் குறள். அடுத்த குறளில் ‘இந்தப் பிறவியில் பிரிய மாட்டோம்’ என்கிறான். அப்படியானால் மறுபிறவியில் பிரிவதாக எண்ணமா என்று அவள் கண் நிறைய நீர் கொள்கிறாள். அதற்கடுத்த குறளில் ‘உன்னை நினைத்தேன்’ என்கிறான். நினைத்தீர் என்றால் நடுவில் மறந்திருந்தீர் என்று பொருள்தானே என்று தழுவ வந்தவள் விலகிப் போகிறாள். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். அவன் கவனமில்லாமல் விட்ட ஒரு சொல்லை அவள் பிடித்துக்கொள்கிறாள். தன் சொற்களை இந்த அளவுக்கு எடை போட்டுக் கேட்கிற ஒருத்தி உலகில் வேறு யாரும் இல்லை என்பது அவனுக்கும் நமக்கும் ஒரே நொடியில் விளங்கிவிடுகிறது. அவள் சினத்தின் அளவே அவள் கவனத்தின் அளவு. உங்கள் நாயகி அவன் சொன்ன எந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறாள் என்று ஒவ்வோர் உரையாடலிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ‘வாள்’ என்பதை அவள் பிடித்தாள் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அந்தச் சொல்லில் அவனுடைய எண்ணம் எதுவும் இல்லை. அது எல்லாக் கதாநாயகர்களும் சொல்கிற உவமை. அவனை அறியாமல் அவன் மனத்தைக் காட்டிவிடும் சொல்லாக இருந்தால்தான் அவள் பிடிப்பதற்குப் பொருள் உண்டு.

இரண்டாவதாக, உங்கள் உரையாடல்களில் மூன்றாவது ஆள் இல்லை. கிணற்றடியிலும் தோப்பிலும் அவர்கள் எப்போதும் தனியாகவே சந்திக்கிறார்கள். தனிமை கிடைத்துவிட்டால் சொற்களால் மறைக்க வேண்டியது எதுவும் இல்லாமல் போகிறது. மறைக்க வேண்டியது இல்லாத இடத்தில் சொல்லாடல் வெறும் விளையாட்டாகிவிடும். கலித்தொகையின் 51-ஆம் பாடலை மறுபடி படியுங்கள். கபிலர் பாடிய குறிஞ்சிக்கலியில் உள்ளது. சிறு வயதில் மணல் வீட்டைக் காலால் கலைத்து, கூந்தல் மாலையைப் பறித்து, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன் ஒருநாள் தண்ணீர் கேட்டு வாசலில் நிற்கிறான். தண்ணீர் கொடுக்கப் போனவளின் கையைப் பற்றுகிறான். அவள் ‘அம்மா, இவன் செய்ததைப் பார்’ என்று கத்திவிடுகிறாள். தாய் அலறிக்கொண்டு வருகிறாள். அந்த நொடியில் அவள் வாயிலிருந்து வருவது ‘உண்ணுநீர் விக்கினான்’ என்ற சொல். தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்க, அவன் கடைக்கண்ணால் அவளைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். தாய்க்கு ஒரு பொருள், அவனுக்கு வேறு பொருள், இரண்டும் ஒரே சொற்களில். அவள் பொய் சொன்ன அந்த நொடியில் இருவரும் ஒரு கட்சி ஆகிவிடுகிறார்கள். தாய் மறு கட்சி. ஈரடியாகப் பேசுவதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் பெரும்பாலும் அறையில் இருக்கும் மூன்றாவது ஆள்தான். உங்கள் கதையில் கர்ணம், மணியக்காரர், அளவுக் குழுவில் வந்தவர்கள், வயலில் வேலை செய்கிறவர்கள் என்று எத்தனையோ காதுகள் இருக்கின்றன. அவற்றை ஏன் வீணாக்க வேண்டும்?

நீங்கள் ஆங்கில ரீஜன்சி காதல் நாவல்களை விரும்பிப் படிப்பதாகச் சொல்லியிருப்பதால் அதைப் பற்றியும் ஒரு சொல். 1811 முதல் 1820 வரையிலான அந்தக் காலத்து இங்கிலாந்தில், மணமாகாத பெண் துணையில்லாமல் ஓர் ஆணுடன் பேசுவது எளிதல்ல. நடன அரங்கில் ஜோடியாக நிற்கும் நேரம், ஊரறிய இருவரும் ஓரளவு தனித்துப் பேசிக்கொள்ளக் கிடைத்த சில வாய்ப்புகளில் ஒன்று. ஒரே ஆளோடு திரும்பத் திரும்ப ஆடினால் அதுவும் பேச்சாகிவிடும். 1813-இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் நாயகி எலிசபெத்தும் நாயகன் டார்சியும் பேசிக்கொள்ளும் கூரிய பேச்சுக்கு அந்தக் கட்டுப்பாடே உரம். அதன் மேல்தோலை மட்டும் எடுத்து வந்து காவேரிப்பட்டினத்துக் களத்துமேட்டில் பொருத்தினால் பேச்சு இருக்கும், அழுத்தம் இருக்காது. நம் ஊர்க் கட்டுப்பாடு வேறு. அதைத் தேடி எடுத்தால் உங்களுக்கு வேண்டிய அழுத்தம் தானே கிடைக்கும்.

அந்தக் கட்டுப்பாட்டின் பெயர் முறை. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதைத் தமிழ்க் குடும்பம் மிகத் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறது. மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் சீண்டலாம். மதினியும் கொழுந்தனும் சீண்டலாம். பங்காளி வீட்டில் அது நினைத்துப் பார்க்க முடியாதது. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940-இல் எழுதிய கட்டுரையில் பல சமூகங்களில் காணப்படும் இத்தகைய கேலி உறவைத் தனியே ஆராய்ந்திருக்கிறார். மண உறவால் இணையக்கூடிய ஆட்களுக்கிடையே இருக்கும் இழுபறியைக் கேலி தணிக்கிறது என்பது அவர் விளக்கத்தின் சாரம். உங்கள் கணக்கன் வெளியூரான், அவளுக்கு எந்த முறையும் ஆகாதவன். ஆகவே அவள் அவனைக் கேலி செய்வதே ஓர் எல்லை மீறல். அந்த முதல் கேலி வெளிப்படும்போது களத்தில் இருக்கும் கிழவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்தால் போதும், வாசகனுக்கு எல்லாம் புரிந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. நம் ஊர்களில் வெளியாளுக்கும் ஒரு முறை வைத்துத்தான் அழைப்பார்கள். அவளுடைய தாய் அவனை ‘தம்பி’ என்று அழைத்துவிட்டு, மகளிடம் ‘அண்ணனுக்கு மோர் கொண்டு வா’ என்று சொல்லட்டும். அவள் மோர் கொண்டு வரட்டும், அண்ணன் என்று மட்டும் அழைக்காமலிருக்கட்டும். நாவலின் பாதி வரைக்கும் அவனை எந்தப் பெயராலும் எந்த முறையாலும் அழைக்காமல் அவள் பேச்சை நடத்துவதாக எழுதிப் பாருங்கள். அவள் என்ன சொன்னாள் என்பதைக் காட்டிலும் எதைச் சொல்லாமல் தப்பித்தாள் என்பதில் அவன் தவித்துப் போவான். ‘நீர்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு அவர்கள் எந்தப் பக்கத்தில் மாறுகிறார்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நீங்கள் தந்த பகுதியில் அவன் முதல் வரியிலேயே ‘உன்’ என்று தொடங்கிவிட்டதால் அந்தப் பெரிய நிகழ்வு நடப்பதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

மூன்றாவது தேவை, பேச்சில் ஏதாவது பணயம் இருக்க வேண்டும். இதற்கு நம் தகடூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. காதல் பேச்சு அன்று அது. ஆனாலும் பார்க்க வேண்டியது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துச் சொன்னது புறநானூற்றின் 95-ஆம் பாடல். இங்கே இருக்கும் கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிக் காவல் மிகுந்த மனையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பவன் சினந்து எழவும் முடியாது, ஏனென்றால் சொன்னது புகழ்ச்சி. ஒரு போர் நடக்குமா நடக்காதா என்பது அந்தச் சில வரிகளில் தொங்குகிறது. அதனால்தான் அவை இன்றும் கூர்மையாக இருக்கின்றன. உங்கள் கதைக்கும் பணயம் கையில் இருக்கிறது. 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்க, அவருடைய உதவியாளர்களில் ஒருவராக தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கிப் பணியாற்றினார். வயல் வயலாக அளந்து வரி விதிக்கும் வேலை தொடங்கியது. ஒரு குடும்பம் எவ்வளவு வரி கட்டப் போகிறது என்பதை உங்கள் நாயகனின் எழுத்தாணி முடிவு செய்கிறது. இதைவிடப் பெரிய பணயத்தை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும் சேர்த்தால் எப்படி வரும் என்பதற்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் பாத்திரங்களை நான் எடுத்தாள்வதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மணியக்காரர் எல்லைக்கல்லைச் சற்றே நகர்த்தி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு அது தெரியும், கணக்கனுக்குச் சந்தேகம். கர்ணமும் தந்தையும் அருகில் நிற்கிறார்கள். “இந்தப் புளியமரம் உங்கள் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?” என்று அவன் பொதுவாகக் கேட்கிறான். தந்தை தயங்குகிறார். அவள் முந்திக்கொண்டு, “காய்க்காத வருஷம் உள்ளே, காய்க்கிற வருஷம் வெளியே” என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், தந்தையும் சிரித்துத் தப்பிக்கிறார். “இந்த வருஷம்?” என்கிறான் அவன். “கணக்கு எழுதுகிறவர் மரத்தையல்லவா பார்க்க வேண்டும்?” என்கிறாள் அவள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் ஊரறிய, ஆனால் ஊருக்குப் புரியாமல் சொல்லிவிட்டாள். இருபது அத்தியாயம் கழித்து, அளவு முடிந்து அவன் இராயக்கோட்டைப் பக்கம் புறப்படுகிறான். “நாளை முதல் நான் இந்த ஊர் எல்லைக்கு வெளியே” என்கிறான். அவள் சற்று நேரம் பேசாமலிருந்து, “கல்லை நகர்த்துவது எங்கள் வீட்டில் பழக்கம்தான்” என்கிறாள். தந்தையின் குற்றத்தை அரசாங்கக் கணக்கனிடம் ஒப்புக்கொண்டுவிட்டாள். அதே வாக்கியத்தில் அவனை உள்ளே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொல்லிவிட்டாள். காதல் என்ற சொல் வரவில்லை. முன்னால் சொன்ன கேலி ஒன்று பின்னால் வேறு கனத்தோடு திரும்பி வரும்போது, இருவருக்கும் பொதுவான ஒரு நினைவு உண்டாகிவிட்டது என்பதை வாசகன் உணர்கிறான். நல்ல காதல் நாவல்களில் ஈர்ப்பு வளர்வது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்று நான் எண்ணுகிறேன்.

இருவரும் ஒரே ஆள்போல் பேசுகிறார்கள் என்ற குறைக்கு வருகிறேன். நகைச்சுவை உணர்வு இருவருக்கும் இருக்கலாம். அது ஒரே வகையாக இருக்கக் கூடாது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். உங்கள் நாயகிக்கு எள்ளலைக் கொடுங்கள். நாயகன் கேட்பதை அப்படியே நம்பி நேராகப் பதில் சொல்லி அதனாலேயே சிரிப்பு வரவழைக்கட்டும். அவள் எள்ளி முடித்தபின் அவன் எளிமையாக உண்மையைச் சொல்லி அவளை வாயடைக்கச் செய்வது, அவன் எதிர் எள்ளலில் இறங்குவதைக் காட்டிலும் வலிமையானது. ஒவ்வொருவரின் உவமையும் அவரவர் பிழைப்பிலிருந்து வரட்டும். அவளுக்குக் கேழ்வரகுக் கதிர், மொச்சைக் கொடி, தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வந்த ஆண்டு; அவனுக்கு வரி, நிலுவை, திருத்தம், ஓலையில் விழுந்த பிழை. இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு வசதியும் உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்கும் மண் இது. அவன் மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து, தமிழை இரண்டாம் மொழியாகப் பேசுகிறான் என்றால், எந்த மொழியில் கோபித்துக்கொள்கிறான், எந்த மொழியில் மன்னிப்புக் கேட்கிறான் என்பதே இருவருக்குமான தனி உலகமாகும்.

இனி உங்கள் இரண்டாவது ஐயம், அவள் இப்படிப் பேசியிருப்பாளா என்பது. உறுதியாகச் சொல்லக்கூடியது, பெண்கள் எள்ளிப் பேசுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. சங்கத் தோழி தலைவனை எள்ளி நிறுத்துவதில் தொடங்கி, திருமண நலுங்குப் பாட்டில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்வதும், நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆணும் பெண்ணுமாக நின்று தர்க்கம் செய்வதும் வரை அது நீள்கிறது. ஆனால் நாட்டுப்புறப் பாடல்கள் பிற்காலத்தில் தொகுக்கப்பட்டவை. ஒரு குறிப்பிட்ட பாட்டு 1792-இல் பாடப்பட்டது என்று காட்ட முடியாது. வசதியுள்ள மணியக்காரரின் மகள் அரசாங்க ஆளிடம் நேருக்கு நேர் நின்று நெடுநேரம் வாதாடியிருப்பாள் என்பது எனக்கு ஐயத்துக்குரியதே. ஆகவேதான் கூட்டத்தின் நடுவே, ஓரிரு வரிகளில், பாட்டாகவோ விடுகதையாகவோ பழமொழியாகவோ பேசும்படி அமைக்கச் சொல்கிறேன். அது வரலாற்றுக்கும் நெருக்கம், கதைக்கும் நல்லது. இருவரின் சாதி என்ன என்பதையும் நீங்கள் உங்களுக்குள்ளாவது முடிவு செய்தே ஆக வேண்டும். கேலிப் பேச்சின் இனிமையால் அந்த இடைவெளியை மெழுகிவிட்டால், அந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு நேர்மை செய்ததாகாது.

மொழிநடையைப் பொறுத்தவரை, 18-ஆம் நூற்றாண்டுத் தமிழ் பேச்சுக்கு நெருக்கமாக எப்படி எழுதப்பட்டது என்பதை அறிய 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப்பிள்ளை நாட்குறிப்பைப் படியுங்கள். அது புதுச்சேரித் தமிழ், வணிகரும் துபாஷியுமான (மொழிபெயர்ப்பாளருமான) ஓர் ஆணின் தமிழ் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, சொற்களின் நடமாட்டத்தை மட்டும் கவனியுங்கள். தூய இலக்கியத் தமிழில் பேச வைத்தாலும், இன்றைய கொச்சையில் பேச வைத்தாலும் கேலி செத்துவிடும். இடைப்பட்ட ஒரு நடையை நீங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். உவமைகளில் காலப்பிழை நேராமலும் பாருங்கள். உரசினால் பற்றும் தீக்குச்சி 1827-இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். ஆகவே உங்கள் நாயகன் தீக்குச்சி கிழித்தாற்போல் கோபப்படவும், அவள் முகத்தை நெஞ்சில் படம் பிடிக்கவும் முடியாது. மிளகாய் போர்த்துகீசியர் வழியாக வந்துவிட்டதால் 1792-இல் அதற்குத் தடையில்லை. ஆனால் நீங்கள் திட்டமிட்டிருப்பதாகச் சொன்ன அதியமான் காலத்து அடுத்த நாவலில் மிளகாய்க் காரத்தை வைத்து யாரும் கேலி பேசக் கூடாது, மிளகோடு நின்றுவிட வேண்டும்.

அளவு பற்றிச் சொல்ல வள்ளுவரைவிட வேறு ஆள் தேவையில்லை. ஊடல் உணவில் உப்பு அமைந்தாற் போன்றது, அது சற்று நீண்டால் உப்பு மிகுந்தது போலாகிவிடும் என்கிறது 1302-ஆம் குறள். உங்கள் முதல் ஐந்து அத்தியாயங்களில் ஏழு வாய்ச்சண்டைகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று போதும் என்று நினைக்கிறேன். இழிவுபடுத்தும் கேலியைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். கலித்தொகையின் 94-ஆம் பாடலில் அரண்மனைப் பணியாளர்களான கூனியும் குறளனும் ஒருவர் உடலை மற்றவர் கடுமையாக எள்ளிக்கொண்டே போய், கடைசியில் உள்ளே கண்டவர்கள் நகைப்பார்கள் என்று அஞ்சி, சோலைக்குச் செல்ல உடன்படுகிறார்கள். இன்றைய வாசகருக்கு அந்த எள்ளல் உறுத்தும். ஆயினும் அதில் இருவரும் சம நிலையில் நிற்கிறார்கள், ஊர் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் என்ற அச்சம் இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. உங்கள் கணக்கனும் மணியக்காரர் மகளும் சமமல்லர். அவன் கையில் வரி இருக்கிறது. அதிகாரம் உள்ளவன் கேலி செய்தால் அது மிரட்டலாகிவிடும் என்பதால், கேலியைத் தொடங்குவது எப்போதும் அவளாகவும், அதை ஏற்று வாங்கிக்கொள்வது அவனாகவும் இருப்பதே பொருந்தும். அவன் திருப்பிக் கேலி செய்யும் உரிமையை அவள் எப்போது கொடுக்கிறாள் என்பதை ஒரு திருப்பமாகவே நீங்கள் அமைக்கலாம்.

இப்படியெல்லாம் செய்தால் ஈர்ப்பு கட்டாயம் வந்துவிடும் என்று என்னால் உறுதி கூற முடியாது. மேலே சொன்னவற்றை எல்லாம் கடைப்பிடித்தும் சப்பென்று நின்றுவிட்ட கையெழுத்துப் படிகளைப் பார்த்திருக்கிறேன். எதையும் பொருட்படுத்தாமல் எழுதி நெஞ்சைத் தொட்டவற்றையும் படித்திருக்கிறேன். ஆனால் திருத்தும்போது பயன் தரும் இரண்டு வேலைகளை நம்பிக்கையோடு சொல்கிறேன். ஓர் உரையாடலில் ‘என்றான்’, ‘என்றாள்’ என்பவற்றை நீக்கிவிட்டு, உங்கள் தோழிகளில் ஒருவரையே இரண்டு பாத்திரங்களையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யார் பேசுவது என்று கேட்பவர்களுக்குக் குழப்பம் வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, ஒவ்வொரு வாய்ச்சண்டையிலும் கடைசிப் பதிலடியை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் தோற்றவர் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். கிணற்றடிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள்; அங்கே அவளுடைய பாட்டியை வாளியோடு கொண்டுவந்து நிறுத்தினால், நீங்கள் எழுதிய வரிகளில் பாதி தாமாகவே மாறிவிடும்.